பதினோரு நிமிடம் முந்திய நிச்சயதார்த்தம்

கையேடு எழுதிப் பிழைப்பவன் நான். ஒரு சாதனத்தைப் பெட்டியிலிருந்து எப்படி எடுப்பது, எங்கே வைப்பது, எங்கே வைக்கவே கூடாது என்றெல்லாம் வரிசை எண் போட்டு எழுதித் தருகிற வேலை. பெங்களூரில் இருபத்தாறு வருடமாக இதையேதான் செய்கிறேன். இந்த இருபத்தாறு வருடத்தில் வேறொருவர் எழுதிய கையேடு ஒன்றைக்கூட நான் படித்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அல்வாக் கடைக்காரர் அல்வா சாப்பிடமாட்டார் என்பார்கள். (சாப்பிடாததால் அவருக்கு ஒன்றும் கெட்டுப்போவதில்லை. எனக்குக் கெட்டது.)

என் மகள் நித்யாவுக்கு ஒக்கலிபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் பிரவீண், கம்ப்யூட்டர் வேலை, தங்கமான பிள்ளை. பிரச்சினை அவனுடைய அப்பா. தேவராஜன், ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்து எந்த வண்டி எந்த நிமிடம் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. அந்தச் செய்தி அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க முதன்முதலில் அங்கே போனபோது, ஜோகுபாளையத்திலிருந்து கிளம்பி, நடுவில் மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளம் ஒன்றைச் சுற்றி, போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. தேவராஜன் வாசலில் நின்றிருந்தார். கையில் கட்டியிருந்த பழைய சாவி கொடுக்கும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபத்திரண்டு நிமிஷம் லேட். காரணம்?"

"டிராஃபிக் சார்."

"டிராஃபிக் காரணம் இல்ல சார். அது சூழ்நிலை. வாங்க, உள்ள வாங்க."

காபி கொடுத்தார்கள். நன்றாகத்தான் பேசினார்கள். வரதட்சணை என்ற பேச்சே இல்லை. எழுந்து வரும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம் சம்பந்தி. நிச்சயதார்த்தம் ஞாயித்துக்கிழமை. ராகு காலம் ஆறு மணிக்கு முடியுது. ஆறு அஞ்சுக்குத் தட்டு மாத்தணும். அது ஒண்ணுதான்" என்றார்.

திரும்பும் வழியில் நித்யா ஆட்டோவில் என் பக்கம் திரும்பாமலேயே பேசினாள். "அப்பா, எனக்காக ஒரே ஒரு தடவை. நான் அந்த வீட்டுல வாழப்போறவ. 'லேட் பார்ட்டி பொண்ணு'ன்னு பேர் வாங்கிக் குடுத்துடாதீங்க."

இப்படித்தான், காலம் தவறாத மனிதன் என்று ஒருவரிடம் பெயர் வாங்கவேண்டிய நிலைக்கு, காலமெல்லாம் தாமதமாகப் போன நான் தள்ளப்பட்டேன்.

இங்கே கடிகாரம் உள்ளே வருகிறது. மாப்பிள்ளைக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பதற்காக என் மனைவி வசந்தியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தான். ஆட்டோமேட்டிக். பேட்டரி கிடையாது. கட்டியிருப்பவர் கையை ஆட்ட ஆட்ட உள்ளே ஒரு அரைவட்டத் தகடு சுழன்று தானே சாவி ஏறிக்கொள்ளும். கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். கொடுத்துவிட்டு அவன் விமானம் ஏறிவிட்டான். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மூன்றாம் நாள் கடிகாரம் நின்றது.

"நான் ஒரு மாசம் கட்டிக்கிட்டு ஓட வெச்சிருக்கேனே" என்றேன்.

"மாப்பிள்ளை கைக்குப் போற வாட்ச். நீங்க கட்டக் கூடாது" என்றாள் வசந்தி.

"அப்ப நின்னுபோய்க் கிடக்கட்டும்."

"நின்னுபோன கடிகாரத்தைத் தட்டுல வெப்பாங்களா? அதுவும் அந்த மனுஷன் முன்னாடி?" சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள். "அன்னிக்குக் காலையில எடுத்து ஆட்டி வெச்சா ஓடாதா?"

இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

நான் இருபது நிமிடம் விளக்கம் கொடுத்தேன். எந்திரக் கடிகாரம் என்பது ஓடிக்கொண்டே இருந்தால்தான் நிதானப்படும், எண்ணெய் உறையக் கூடாது, மனிதக் கை ஆட்டுவது சீராக இருக்காது, இதற்கென்றே 'வாட்ச் வைண்டர்' என்று ஒரு பெட்டி இருக்கிறது, கடிகாரத்தை உள்ளே ஒரு சிறு தலையணையில் கட்டி வைத்தால் மோட்டார் அதை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று சொன்னேன். இதில் பாதி அன்று காலைதான் படித்தது. மீதியை அப்போது கற்பனை செய்தேன்.

"வாங்குங்க" என்றாள். "ஆனா சீக்கிரம் வாங்குங்க."

நான் ஒரு பொருளைத் தேர்வு செய்வது என்றால் என்ன என்று என் எதிரிகளிடம் கேட்க வேண்டும். மிக்சி வாங்க நாலு மாதம் எடுத்துக்கொண்டவன் நான். ஒரு அட்டவணை போட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை சுற்று சுற்றும், வலப்பக்கமா இடப்பக்கமா இரண்டுமா, சுற்றிவிட்டு எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கும், மோட்டாரின் காந்தம் கடிகாரத்தைத் தாக்காமல் கவசம் போட்டிருக்கிறதா, தலையணை எந்த மணிக்கட்டு அளவுக்கு. பதினேழு பெட்டிகள், பதினோரு பத்திகள். உலகெங்கும் பணக்காரர்கள் தங்கள் பெட்டியின் முனகல் சத்தம் பற்றி எழுதிய புலம்பல்களை ஆபீஸ் நேரத்தில் படித்தேன். அவர்களுக்காக மனம் வருந்தினேன். அந்தத் துயரத்தில் எனக்கும் பங்கிருப்பதாக ஒரு மயக்கம்.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது அந்தக் காந்த விஷயம். மட்டமான பெட்டியின் மோட்டாரில் கவசம் இருக்காது. அதன் காந்தம் கடிகாரத்துக்குள் இருக்கும் தலைமுடி போன்ற சுருள்கம்பியில் ஏறிவிட்டால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கடிகாரம் தலைதெறிக்க ஓடும். இதைப் படித்ததிலிருந்து நான் வேறு மனிதனானேன். சாப்பாட்டு நேரத்தில் காந்தத்தைப் பற்றிப் பேசினேன். நித்யா தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்ச் சாப்பிடத் தொடங்கினாள்.

கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பெரிய கடிகாரக் கடைக்கு இரண்டு சனிக்கிழமை போனேன். ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக் கேட்டேன். விற்பனைப் பையன் பொறுமையானவன்.

"ஜப்பான் மோட்டார் சார். சௌண்டே பரல்ல, வராது. சுத்துதான்னே தெரியாது."

"காந்தக் கவசம்?"

"எல்லாம் இருக்கு சார். சாருக்கு எத்தனை வாட்ச்சுக்கு வேணும்? நாலு, எட்டு, பன்னெண்டு வெக்கிற மாதிரி இருக்கு."

"ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணா?"

"அதுவும் என்னோடது இல்ல."

அவன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான்.

கடைசியில், இரட்டைக் கவசம் போட்ட, இரண்டு பக்கமும் சுழலும், கண்ணாடிக் கதவு வைத்த கறுப்புப் பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். என் அட்டவணையில் காந்தப் பாதுகாப்புக்கு முழு மதிப்பெண் வாங்கிய ஒரே பெட்டி. கடையில் இருப்பு இல்லாததால் சொல்லி வைத்து, அது வீட்டுக்கு வந்தது நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை மாலை. அதுவரை கடிகாரம் அதன் டப்பாவில் செத்துக் கிடந்தது. அதை ஓட வைக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுக்க எனக்கு அவ்வளவு நாள் தேவைப்பட்டது.

செல்போனைப் பார்த்து நொடி பிசகாமல் மணியைத் திருத்தி, தலையணையில் கட்டி, கதவை மூடினேன். எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. கல்யாண வீடு. பீரோ மேலே பாத்திரங்கள், மேசை மேலே பழக்கூடைகள், பூஜை அலமாரியில் மின்சாரப் பெட்டியை வைக்க வசந்தி ஒப்பவில்லை. டிவிக்குப் பக்கத்தில் ஒரு பிளக் காலியாக இருந்தது. அதன் கீழேயே, இதற்காகவே செய்தது போல ஒரு மரப்பீடம். தட்டையான தலை, சரியான உயரம். அதன்மேல் வைத்தேன். பெட்டி சத்தமில்லாமல் சுழன்றது. நான் கைகட்டி நின்று பார்த்தேன். வாழ்க்கையில் ஒரு வேலையைச் சரியாகச் செய்த திருப்தி.

அந்த மரப்பீடம் எங்கள் ஹோம் தியேட்டரின் ஊஃபர்.

தொலைக்காட்சியில் இடி இடித்தால் வயிற்றில் அதிர்வைக் கொடுக்கிறதே, அந்தப் பெரிய ஒலிபெருக்கி. அதன் வயிற்றுக்குள் தோசைக்கல் கனத்துக்கு ஒரு காந்தம் இருக்கும். இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். அதன் கையேட்டின் தமிழ்ப் பதிப்பை எழுதியவனே நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியமே எல்லோரும் கிளம்பினோம். அல்சூர் பக்கம் சின்ன மண்டபம். கடிகாரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, பார்க்காமலேயே வெல்வெட் டப்பாவில் வைத்து, தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். மண்டபத்துச் சுவரிலும் ஒரு கடிகாரம் இருந்தது. அது நிரந்தரமாகப் பத்து பத்தில் நின்றது.

சம்பந்தி வீட்டார் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்திறங்கினார்கள். தேவராஜன் நேராக என்னிடம் வந்தார். கையைத் தூக்கிக் கடிகாரத்தைக் காட்டினார்.

"சம்பந்தி, டைம் கம்பேர் பண்ணிக்கலாமா?"

ரயில்வேயில் அது ஒரு வழக்கம். வண்டி புறப்படுவதற்கு முன்னால் டிரைவரும் கார்டும் தங்கள் கடிகாரங்களை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். யாருடையது தப்போ அவர் திருத்திக்கொள்ள வேண்டும். நல்ல காரியங்களிலும் அவர் இதைச் செய்வார் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் கம்பீரமாகத் தட்டிலிருந்த வெல்வெட் டப்பாவைத் திறந்தேன்.

"என்னோடது அஞ்சு பத்து" என்றார்.

"இது அஞ்சு இருபத்தொண்ணு."

அவர் முகம் மாறியது. "பதினோரு நிமிஷமா? நீங்க எப்ப செட் பண்ணீங்க?"

"வெள்ளிக்கிழமை சாயந்திரம். செல்போன் பார்த்து."

"அதுக்கப்புறம்?"

"நிக்கவே இல்ல சம்பந்தி." பிறகு என் வாய் தானாக ஓடத் தொடங்கியது. ஜப்பான் மோட்டார், இரு திசைச் சுழற்சி, இரட்டைக் காந்தக் கவசம், பதினேழு பெட்டிகளில் முதலிடம். நாலைந்து நொடிக்குமேல் தப்பவே தப்பாது என்றேன். அவர் தன் பழைய கடிகாரத்தை உற்றுப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரி மாத்துங்க மாத்துங்கன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கா" என்றார் மெதுவாக. "முப்பத்தாறு வருஷத்துல இது என்னை ஏமாத்தினதே இல்ல."

நான் அவர் தோளைத் தட்டினேன். ஆறுதல் சொன்னேன். அந்த வாக்கியம் இன்றும் குளிக்கும்போது ஞாபகம் வந்து என்னைக் கண்ணை மூட வைக்கிறது.

"விடுங்க சம்பந்தி. வயசாச்சு இல்லையா, வாட்ச்சுக்கு."

அவர் சாவியை இழுத்து, முள்ளைப் பதினோரு நிமிடம் முன்னால் தள்ளினார். தன் பிள்ளையைத் தானே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துகிற ஒரு தகப்பனின் முகம். எனக்கோ இருபத்திரண்டு நிமிடத் தாமதத்தில் சரிபாதியைத் திருப்பி வாங்கிவிட்ட சந்தோஷம்.

அறுபது பேர் கூடியிருந்தார்கள், அறுபது கையிலும் செல்போன், ஒருவருக்கும் மணி தெரியாதா என்று கேட்பீர்கள். அறுபது செல்போனும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தன. செல்போனில் மணி பார்க்கிற வழக்கம் போய் வெகுகாலம் ஆகிறது. ஐயருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவருக்கு ஏழரைக்குச் சந்தாபுராவில் இன்னொரு விசேஷம். பதினோரு நிமிடம் சீக்கிரம் ஆரம்பித்ததை அவர் கடவுள் செயலாக எடுத்துக்கொண்டார்.

"டைம் ஆச்சு, டைம் ஆச்சு" என்று தேவராஜன் எல்லோரையும் விரட்டினார். லக்னப் பத்திரிகை வாசித்தார்கள். அவர் கடிகாரம் ஆறு ஐந்து காட்டியபோது தட்டு மாறியது. மோதிரம் போட்டார்கள். நான் மாப்பிள்ளை கையில் கடிகாரத்தைக் கட்டினேன். பிரவீண் அதை ஒருமுறை பார்த்தான், என்னைப் பார்த்தான், அவன் அப்பாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அடக்கமான பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது முன்வரிசையில் ஒரு சேவல் கூவியது.

தேவராஜனின் அக்கா ராஜம், எழுபது தாண்டியவர், நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தவர். மடியில் இருந்த செல்போனில் அலாரம். அதை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னார்.

"ராகு காலம் முடிஞ்சிடுச்சுப்பா. இனிமே தட்டு மாத்தலாம்."

வசந்தி என்னைப் பார்க்கவில்லை. அது நல்லதில்லை. நித்யா பார்த்தாள். அது இன்னும் மோசம். மாலையும் கழுத்துமாக, கண்ணில் தண்ணீர் முட்ட, 'ஒரே ஒரு தடவை கேட்டேனே' என்ற பார்வை.

தேவராஜன் தன் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு பதினொன்று. அக்காவின் செல்போனை வாங்கிப் பார்த்தார். ஆறு.

"பிரவீண், உன் போனைக் காட்டு."

"ஆறுதாம்ப்பா. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"பெரியவங்க ரெண்டு பேர் டைம் கம்பேர் பண்ணீங்க. நடுவுல நான் என்னத்தச் சொல்றது."

கல்யாணமே நின்றுவிடுமோ, ராஜம் அக்கா மறுபடி வாய் திறந்தால் என்ன ஆகும், என் பெண்ணுக்கு நாளைக்கு ஒரு தலைவலி வந்தால்கூட அது ராகு காலத்துத் தட்டின் கணக்கில்தானே சேரும் என்றெல்லாம் மனம் ஓடியது. கடிகாரத்தைவிட வேகமாக.

தேவராஜன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவர் மண்டபத்தில் இல்லை, கட்டுப்பாட்டு அறையில் இருந்தார்.

"யாரும் பதற வேணாம். வண்டி சிக்னல் இல்லாமப் போயிடுச்சு, அவ்வளவுதான். ஆள் சேதம் இல்ல. வண்டியைப் பின்னாடி எடுத்து, மறுபடி லைன் வாங்கி விடலாம். அக்கா, சரிதானே?"

ராஜம் அக்கா யோசித்தார். "திருப்பிக் குடுத்துட்டா நடக்காத மாதிரிதான்" என்று தீர்ப்பளித்தார்.

எல்லாம் பின்னோக்கி நடந்தது. தட்டு திரும்பி வந்தது. மோதிரங்கள் கழன்றன. மாலைகள் கழன்றன. நான் மாப்பிள்ளை கையிலிருந்து கடிகாரத்தை அவிழ்த்து வாங்கிக்கொண்டேன். (மாப்பிள்ளைக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிய மாமனார் எங்கள் வம்சத்தில் நான் ஒருவன்தான்.) வீடியோக்காரர் வந்து, "சார், ரீடேக்கா?" என்று கேட்டார். ஐயர் சந்தாபுரா இருக்கும் திசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

நிஜமான ஆறு ஐந்துக்கு, ராஜம் அக்காவின் செல்போன்படி, தட்டு மறுபடி மாறியது. நித்யா சிரித்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தேவராஜன் தன் கடிகாரத்தைப் பதினோரு நிமிடம் பின்னால் தள்ளிச் சரிசெய்தார். பிறகு என்னிடம் வந்து மணிக்கட்டை நீட்டினார்.

"சாரி சொல்லுங்க."

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி. என்மேலதான்..."

"எனக்கு இல்ல. இதுக்கு."

குனிந்து, அந்தக் கடிகாரத்திடம் மன்னிப்புக் கேட்டேன். வீடியோவில் இருக்கிறது. இரண்டு வீட்டிலும் விருந்தாளிகளுக்கு அந்தப் பகுதியைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறார்கள்.

மறுநாள் வசந்தியோடு அல்சூர் பஜாரில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவரிடம் மாப்பிள்ளைக் கடிகாரத்தைக் கொண்டுபோனேன். அவர் மேசையிலிருந்து ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முள் துள்ளித் திரும்பியது.

"காந்தம் ஏறியிருக்கு சார். எங்க வெச்சிருந்தீங்க?"

சொன்னேன்.

"ஊஃபர் மேலயா?" இருமல் வந்தது போலக் கொஞ்ச நேரம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். காந்தத்தை இறக்கும் ஒரு நீலப்பெட்டியின் மேல் கடிகாரத்தை வைத்துப் பொத்தானை அமுக்கினார். ஒரு நிமிடத்தில் சரியாகிவிட்டது. "ஆமா, வைண்டர் எதுக்கு சார்? விசேஷத்தன்னிக்குக் காலைல எடுத்து ரெண்டு ஆட்டு ஆட்டினா ஓடிட்டுப்போகுது."

வீட்டுக்கு வந்ததும் வசந்தி, பிரிக்காமல் கிடந்த வைண்டரின் கையேட்டைப் பிரித்து மூன்றாம் பக்கத்தை என் முன்னால் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். 'எச்சரிக்கை: ஒலிபெருக்கி போன்ற காந்தப் பொருட்களின் அருகில் வைக்க வேண்டாம்.' நல்ல நடை. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பத்திரிகையின் மாதிரிப் படி சம்பந்தி வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, முகூர்த்த நேரத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒன்று எழுதியிருந்தது. வேடிக்கைக்கு என்று நினைத்தேன். அச்சகத்தார் அப்படி நினைக்கவில்லை. ஐந்நூறு பத்திரிகையிலும் 'காலை 7.30 முதல் 9.00 வரை (ரயில்வே நேரப்படி)' என்று அச்சாகி வந்தது. ஆட்டோமேட்டிக்கை மாப்பிள்ளை பீரோவில் வைத்திருக்கிறார். அது நின்று இரண்டு வருடமாகிறது. வைண்டர் எங்களிடமே தங்கிவிட்டது. எப்போதாவது துடைத்துவிட்டு, ஒன்றும் இல்லாத தலையணையைச் சற்று நேரம் சுற்ற விட்டுப் பார்ப்பேன். சத்தமே வருவதில்லை. நல்ல பெட்டி.

போன மாதம் எனக்கு லேசான படபடப்பு. வசந்தியோடு டாக்டரிடம் போனேன். டாக்டர் இளைஞர். மார்பில் குழாயை வைத்துக் கேட்டார், நாடியைப் பிடித்துக்கொண்டு தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பல்ஸ் கொஞ்சம் வேகமா ஓடுதே. சமீபத்துல ஏதாவது டென்ஷனா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தி கவலையான முகத்தோடு சொன்னாள்.

"அதெல்லாம் இல்ல டாக்டர். ரெண்டு நாளா டிவி பக்கத்துல ஊஃபர்கிட்ட உக்காந்திருந்தாரு."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சீட்டில் மாத்திரைக்குக் கீழே, டிவி பார்ப்பதைக் குறைக்கவும் என்று எழுதிக் கொடுத்தார். முதன்முறையாக ஒரு எச்சரிக்கையை முழுக்கப் படித்தேன்.